ஓக் மரம் கறுக்கும் ரகசியம்

வாழைக்காய் நறுக்கினால் அரிவாள்மணை கறுத்துப் போகிறதல்லவா? காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. மேல்நாட்டில் ஓக் மர மேஜை நாற்காலிகளைக் கறுப்பாக்குவதும் இதே வித்தைதான்! இரும்பு நாரைச் சில நாள் வினிகரில் ஊறவைத்து, வடிகட்டிய நீரைப் பலகையில் தடவுகிறார்கள். ஓக்கில் துவர்ப்பு அதிகம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். துவர்ப்பில்லாத மரமானால் முதலில் கெட்டியான தேயிலை டிகாக்ஷனைப் பூசுவார்கள்.

கன்னங்கரேலென்று வேண்டாம், நல்ல பழுப்பு போதும் என்றால் அதற்கு அமோனியா ஆவி. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் மரச்சாமான் பட்டறை நடத்திய கஸ்டவ் ஸ்டிக்லி இதற்குப் பேர்போனவர். காற்றுப் புகாத அறையில் சாமானை வைத்து, தட்டுகளில் அமோனியாத் திரவத்தை ஊற்றிக் கதவைச் சாத்திவிட வேண்டியது. ஓரிரண்டு நாள் கழித்துத் திறந்தால், நேற்றுச் செய்த மேஜை பாட்டன் காலத்துச் சொத்து மாதிரி நிற்கும்! மேலே பூசிய சாயமல்ல, மரத்துக்குள்ளேயே இறங்கிய நிறம். குழந்தைகள் லேசாகக் கீறினாலும் வெளுப்புத் தெரியாது.

ஆனால் பட்டறை அமோனியா பொல்லாதது. கண்ணையும் மூச்சையும் கெடுத்துவிடும். வீட்டில் அந்தப் பரீட்சை வேண்டவே வேண்டாம். வினிகர் முறையே போதும்.

நிறம் ஏறிக் காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் மரம் பளபளக்கும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். தானே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும்! வெளியில் விரித்து, நன்றாகக் காயவிட்டே அப்புறப்படுத்துங்கள்.