அயர்லாந்துக்கு நாடு கிடைத்தது, மொழி?

தஞ்சோங் கிளிங்கில் உட்கார்ந்துகொண்டு அயர்லாந்தைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். மலாக்கா நகரில் அந்த நாளில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களுக்கு லா சால் சகோதரர்களை நினைவிருக்கும். வெள்ளை அங்கி அணிந்த அந்த ஆசிரியர்களுள் அயர்லாந்துக்காரர்கள் பலர். ஆங்கிலேயனின் மொழியை நமக்குக் கற்பிக்க வந்தவர்கள், அதே ஆங்கிலேயனிடம் தங்கள் மொழியைப் பறிகொடுத்த நாட்டவர்கள். இந்த வேடிக்கையிலிருந்தே தொடங்கலாம்.

அயர்லாந்தின் சொந்த மொழி ஐரிஷ். அது ஆங்கிலத்தின் கிளைமொழி அன்று. ஆங்கில இலக்கியம் பிறப்பதற்கு முன்பே ஏட்டில் ஏறிய தனி மொழிகளுள் ஒன்று. அதை ஆங்கிலேயர் சட்டம் போட்டு ஒரே நாளில் ஒழித்துவிடவில்லை. 1831இல் அரசாங்கப் பள்ளிகள் வந்தன, பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அவன் ஐரிஷ் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு விழும். வெட்டுகளை எண்ணி அடி கொடுப்பார்கள். கவனியுங்கள், வீட்டில் அந்த வெட்டைப் போட்டவர்கள் பெரும்பாலும் பெற்றவர்கள். பிள்ளை பிழைக்க வேண்டும், கப்பலேறி அமெரிக்கா போக வேண்டும், அதற்கு ஆங்கிலம் வேண்டும் என்ற கணக்கு. அயர்லாந்து மக்களின் பெருந்தலைவர் டேனியல் ஓகானல் ஐரிஷ் பேசும் வீட்டில் வளர்ந்தவர். அவரே, ஆங்கிலத்தால் பயன் அதிகம், பழைய மொழி போவதற்கு வருந்த மாட்டேன் என்ற கருத்துடையவராக இருந்தார்.

1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவினர் நாட்டைவிட்டு ஓடினார்கள். செத்தவர்களும் ஓடியவர்களும் பெரும்பாலும் மேற்குப் பகுதி ஏழைகள். ஐரிஷ் பேசியவர்களும் அவர்களே.

இந்த நிலையில்தான் தேசிய எழுச்சி வருகிறது. டக்ளஸ் ஹைடு என்ற பாதிரியார் மகன் 1893இல் மொழி மீட்புக்காகக் கெயிலிக் சங்கத்தைத் தோழர்களுடன் தொடங்கினார். 1904இல் டப்ளினில் அபே நாடக அரங்கம் திறக்கப்பட்டது. யேட்ஸ், கிரகரி அம்மையார், சிங் ஆகியோர் நாட்டுக் கதைகளையும் குடியானவர் வாழ்வையும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அவற்றை எழுதியது ஆங்கிலத்தில். அந்தத் தேசியத்தின் பெருங்கவிஞரான யேட்ஸுக்கு ஐரிஷ் தெரியாது!

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1916இல் வெளியிட்ட நாவலில் ஒரு காட்சி உண்டு. விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் புனலுக்கு ஐரிஷ் மாணவன் ஒரு சொல் சொல்கிறான். ஆங்கிலேயரான கல்லூரித் தலைவர், அப்படி ஒரு சொல்லைக் கேட்டதே இல்லை, உங்கள் அயர்லாந்தில் அப்படிச் சொல்வார்களா என்கிறார். மாணவன் குன்றிப்போகிறான். இந்த மொழி இவருக்குச் சொந்தம், எனக்கு இரவல் என்று அவன் மனம் புழுங்குகிறது. பிறகு அகராதியைப் புரட்டினால் அது நல்ல பழைய ஆங்கிலச் சொல்தான். சரியாகப் பேசினாலும் சந்தேகம் போகாது. இரவல் மொழியின் வேதனையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

1916 ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் கிளர்ச்சி வெடித்தது. தலைமை தாங்கிச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுள் பியர்ஸ், மெக்டோனா, பிளங்கெட் மூவரும் கவிஞர்கள். பியர்ஸ் கெயிலிக் சங்கத்தின் ஏட்டுக்கு ஆசிரியராக இருந்தவர். இரு மொழிப் பள்ளி நடத்தியவர். அவர் படித்த குடியரசுப் பிரகடனத்தில் தலைப்பு மட்டும் ஐரிஷ். மற்றதெல்லாம் ஆங்கிலம். கூடியிருந்த மக்களுக்குப் புரிய வேண்டுமே!

அயர்லாந்தின் அரசியல் தமிழகத்துக்கும் கப்பலேறி வந்தது. பாரதியார் தம் குருவாகக் கொண்ட நிவேதிதா தேவி, 1867இல் அயர்லாந்தின் டங்கானன் ஊரில் பிறந்த மார்கரெட் நோபிள். 1908இல் வந்த ‘சுதேச கீதங்கள்’, 1909இல் வந்த ‘ஜன்ம பூமி’ ஆகிய இரு நூல்களையும் பாரதியார் அவருக்கே காணிக்கையாக்கினார். தாய்வழி ஐரிஷ் இரத்தம் பெற்ற அன்னிபெசண்ட் 1916 செப்டம்பரில் சென்னையில் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கினார். அந்தப் பெயரே அயர்லாந்தின் இரவல்தான். 1917 ஜூனில் அரசாங்கம் அவரைக் காவலில் வைத்தது. அதனால் அவர் புகழ் ஏறியது. அந்த ஆண்டே காங்கிரஸ் தலைவரானார்.

அவர் அழைப்பின் பேரில் 1915இல் சென்னைக்கு வந்தவர் பெல்ஃபாஸ்ட் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ். சற்று முன் சொன்ன ஜாய்ஸுக்கு 1904இல் சில நாள் வீட்டில் இடம் கொடுத்தவர். ‘நியூ இந்தியா’ ஏட்டில் பணியாற்றியபோது டப்ளின் கிளர்ச்சியைப் புகழ்ந்து எழுதினார், வேலை போயிற்று. ஹோம் ரூல் கேட்ட அம்மையாருக்கே அந்தத் துப்பாக்கிச் சத்தம் கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்கிறது! கசின்ஸ் மதனப்பள்ளிக் கல்லூரிக்குப் போனார். 1919இல் அங்கு வந்து தங்கிய தாகூரின் ‘ஜன கண மன’ பாட்டுக்கு இசைக் குறிப்பு எழுதியவர் அவர் மனைவி மார்கரெட் கசின்ஸ். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவரும் அவரே.

ஹோம் ரூல் என்ற பெயரோடு அதன் எதிர்ப்பும் சேர்ந்தே வந்தது. அயர்லாந்தின் வடபகுதிப் புரோட்டஸ்டண்டுகள், ஹோம் ரூல் வந்தால் அது ரோம் ரூல்தான், கத்தோலிக்கர் ஆட்சிதான் என்று அஞ்சினார்கள். சென்னையில் தியாகராயச் செட்டியாரும் டி.எம். நாயரும், ஹோம் ரூல் வந்தால் பிராமணர் ஆட்சிதான் என்றார்கள். 1916 டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளியாயிற்று. அங்கே நாடு இரண்டாகி வடக்கில் 6 மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. இங்கே அது நீதிக்கட்சியாகித் தேர்தல் அரசியலுக்குள் புகுந்தது. சிறுபான்மையின் அச்சத்தையும் பெரும்பான்மையின் அச்சத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனாலும் ‘யாருடைய சுயாட்சி?’ என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பாரதியார் விடுதலையைப் பாட மொழியை மீட்க வேண்டியிருக்கவில்லை. அது தெருவில் உயிரோடு இருந்தது. 1917இல் திரு.வி.க. ‘தேசபக்தன்’ நாளேட்டில் எழுதியதும், மில் தொழிலாளரிடம் மேடையில் பேசியதும் அவர்கள் வீட்டில் பேசும் மொழியில்தான். பெசண்ட் அம்மையாரின் ஆங்கிலச் சொற்பொழிவு போய்ச் சேராத இடத்துக்கு அந்தத் தமிழ் போய்ச் சேர்ந்தது. யேட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது, பாரதிக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் யேட்ஸுக்கு வாய்க்காத ஒன்று பாரதிக்கு வாய்த்தது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். தஞ்சோங் கிளிங் என்றால் கிளிங்கர் முனை. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ‘கிளிங்’ இன்று நம் காதுக்கு இனிக்காத சொல்தான். ஆனாலும் நம்மவர் பழங்காலத்தில் இந்தக் கரையில் இறங்கியதற்கு அந்தப் பெயரே சாட்சி. சுல்தான் காலத்தில் வந்து இங்கேயே மணம் செய்து குடியேறிய தமிழ் வணிகரின் வழிவந்தவர்கள் காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பொங்கல் உண்டு, தீபாவளி உண்டு, முன்னோர் படையல் உண்டு. பிள்ளை, படையாச்சி என்ற பெயர்களும் உண்டு. வீட்டு மொழி மட்டும் மலாய். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. யாரும் கழுத்தில் குச்சி கட்டி அவர்களை மாற்றவில்லை. மொழி போனாலும் சமயமும் உணர்வும் நிற்கும் என்பதற்கு அயர்லாந்தைத் தேடிப் போக வேண்டாம், காஜா பெராங் போதும். ஆனால் அந்த மொழியில் பாடிய பாட்டும் பழமொழியும் நிற்காது.

பிறகு வந்த நாமோ பால்மரக் காட்டில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்தோம். 1957இல் நாட்டில் இருந்த தமிழ்ப்பள்ளிகள் 888. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போன பிறகு இன்று எஞ்சியவை 500க்குச் சற்று மேல். பள்ளி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறோம். அயர்லாந்துக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1922இல் சொந்த ஆட்சி வந்ததும் எல்லாப் பள்ளியிலும் ஐரிஷைக் கட்டாயமாக்கினார்கள். 1973 வரை அதில் தேறாவிட்டால் பள்ளி இறுதிச் சான்றிதழே கிடையாது. 1937 அரசியல் சட்டத்தில் அதுவே முதல் ஆட்சி மொழி. ஹைடு நாட்டின் முதல் அதிபராகவும் ஆனார். இத்தனைக்கும் பிறகு 2022 கணக்கெடுப்பில், ஐரிஷ் பேச முடியும் என்றவர்கள் 18 லட்சத்துக்கு மேல். வகுப்பறைக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் 71,968 பேர்! அரசாங்கம், சட்டம், தேர்வு எல்லாம் கையில் இருந்தும், வீட்டுக்குள் நுழைந்து சாப்பாட்டு மேசையில் அந்த மொழியை உட்காரவைக்க முடியவில்லை. நம் கையில் அரசாங்கமும் இல்லை. பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பேசும் அம்மா அப்பா மட்டும் நம்மிடமும் பெருகி வருகிறார்கள். பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற அதே கணக்கு.

இதற்கு மாறாக ஒரு செய்தியும் உண்டு. பிரிட்டனோடு நின்றுவிட்ட வடபகுதியில், பெல்ஃபாஸ்ட் நகரில், 1969 வாக்கில் ஒரு சில குடும்பங்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டன. பெற்றோருக்கு அது பிறந்த வீட்டு மொழி அன்று. பெரியவர்களான பிறகு கற்றுக்கொண்டது. பிள்ளைகளிடம் ஐரிஷ் தவிர வேறு பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். 1971இல் தாங்களே ஒரு பள்ளி திறந்தார்கள். முதல் நாள் வந்த பிள்ளைகள் 9 பேர். அரசாங்கம் அதை ஏற்று மானியம் கொடுக்க 1984 வரை ஆயிற்று. அதுவரை தெருவில் வசூல் செய்தே ஆசிரியர் சம்பளம் கொடுத்தார்கள். இன்று வட அயர்லாந்தில் ஐரிஷ் வழியாகப் படிக்கும் பிள்ளைகள் பல ஆயிரம்.