காடி வைத்தியம் – 18: பாவ் வாங்க நிறுத்திய காடி

போன வாரம் காயிலோடு நிறுத்தினேன், ஞாபகம் இருக்கும். இந்த வாரம் அதை ஓம் மீட்டரில் அளப்பதாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை தஞ்சோங் மாலிமில் என் காடி நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் காயிலுக்குப் போக மனம் வரவில்லை.

எந்தக் கம்பெனிக் காடி என்று கேட்காதீர்கள். முப்பது வயது தாண்டியது, கார்புரேட்டர் வைத்தது. ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரே மூச்சாக வந்து, பாவ் வாங்க இறங்கினேன். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கும் முன் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இந்த ஊர் வழியாகத்தான் போவோம். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் விடவில்லை. வரிசையில் நின்று பொட்டலத்தோடு திரும்ப கால் மணி நேரம். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. பழைய சாலையில் பெர்ணம் ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் உயிரை விட்டது. பாலத்தைத் தாண்டினால் சிலாங்கூர். என் காடி பேராக்கிலேயே அடங்கிவிட்டது.

ஓடும்போது ஒன்றும் ஆகவில்லை, நிறுத்தி எடுத்த பிறகு ஏன்? நிறுத்திய இஞ்சின் உடனே ஆறுவதில்லை. தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், எதிர்க்காற்றும் கிடையாது; இரும்பில் இருக்கும் சூடு போக இடமில்லாமல் மேலே ஏறும். பானெட்டுக்கு அடியில் சூடு உச்சத்தைத் தொடுவது நாம் பாவ் வாங்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான். அந்த வேக்காட்டில் உட்கார்ந்திருப்பது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள இக்னீஷன் மாடியூல். பழைய காலத்தில் பாயிண்ட் செய்த வேலையை, அதாவது காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சரியான நொடியில் வெட்டுவதை, உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் செய்கிறது. வருடக்கணக்கில் சூடு ஏறி இறங்கி, ஈயப் பற்றில் மயிரிழை விரிசல் விழலாம். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

போமன் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாவியைத் திருப்பினார், ஒரே அடியில் பிடித்தது. “நல்லாத்தானே இருக்கு அங்கிள்?” என்றார். பாவும் ஆறியிருந்தது, மாடியூலும் ஆறியிருந்தது.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். இதே கோளாறு அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது! ஃபோர்டு கம்பெனி 1980களில் பல மாடல்களில் மாடியூலை டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே திருகி வைத்தது. சூட்டில் காடிகள் நடுச்சாலையில் நிற்கின்றன என்று கலிபோர்னியாவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டு அலமேடா கவுண்டி நீதிபதி, 1983 முதல் 1995 வரை வந்த மாடல்களில் சுமார் 17 லட்சம் காடிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட்டார். அப்படி உத்தரவிடுவது வழக்கமாக அரசாங்க இலாகாவின் வேலை. ஒரு நீதிபதியே சொன்னது அங்கே அதுதான் முதல்முறை என்று எழுதினார்கள். அடுத்த வருடம் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி! நான் இரவு ஒரு மணி வரை இதையே படித்துக்கொண்டிருந்தேன், ஆசிரியரின் வாட்ஸ்அப்பைப் பார்க்கவில்லை.

சரி, வைத்தியம். ஆறிய மாடியூலைச் சோதித்தால் பாஸாகிவிடும். நிற்கும் அந்த நிமிடத்தில்தான் பிடிக்க வேண்டும். காடி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் பொத்தென்று பூஜ்ஜியத்தில் விழுந்தால் பெரும்பாலும் இக்னீஷன் பக்கம்தான் கோளாறு. பெட்ரோல் தட்டினால் முள் இஞ்சினோடு சேர்ந்து தள்ளாடித்தான் இறங்கும். பூட்டில் ஒரு பழைய பிளக் வைத்திருங்கள். பிளக் ஒயரில் செருகி, பிளக்கின் உடம்பை இஞ்சின் இரும்பில் நன்றாகப் பதித்து, கையை எடுத்துவிட்டு இன்னொருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். பொறி இல்லையா? சாவியை அணைத்து, பிழிந்த ஈரத்துணியை மாடியூல் மேல் மட்டும் வையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. கொஞ்ச நேரத்தில் பொறி திரும்பினால் ஆள் அகப்பட்டான்.

என் மாடியூலைக் கழற்றியபோது அடியில் வெள்ளைக் கிரீஸ் சுண்ணாம்பாகக் காய்ந்து கிடந்தது. சூட்டை இரும்புக்குக் கடத்துவது அதுதான். புது மாடியூல் போடுகிற பல பேர் அதைப் பூச மறந்து, ஆறு மாதத்தில் “டூப்ளிகேட் பொருள்” என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். எனக்கு ஹாஃப்கட் கடையில்தான் பொருள் கிடைத்தது. பக்கத்திலேயே புரோட்டோன் சிட்டி, ஆனால் அங்கே இன்று இறங்கும் காடிகளில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது.

தடை குறைந்த காயில் மாட்டினால் மின்னோட்டம் கூடி, புது மாடியூலும் வெந்துபோகும். அதனால் அடுத்த வாரம் நிச்சயம் ஓம் மீட்டர். ஆசிரியர் நம்பவில்லை.