தண்ணீருக்கு அடியில் தெரியும் மீன்

ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், தக்கைக்குக் கீழே நடப்பதெல்லாம் ஊகம்தான். மீன் வந்ததா, இரையை முகர்ந்துவிட்டுப் போனதா, கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்த மறைவைத் திறந்து காட்டியதால்தான் ‘சேகா பாஸ் ஃபிஷிங்’ எனக்கு இவ்வளவு பிடித்தமான விளையாட்டு.

1997இல் ‘கெட் பாஸ்’ என்ற பெயரில் ஜப்பானிய ஆர்கேட் கூடங்களில் வந்து, 1999இல் ட்ரீம்காஸ்ட் என்ற விளையாட்டுக் கருவி மூலம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தது. கூடவே அதற்கென்று ஒரு கைக்கருவியும் விற்றார்கள். தூண்டில் கோலின் அடிப்பகுதியை மட்டும் கையில் பிடித்தது போலிருக்கும். பக்கவாட்டில் ரீலைச் சுற்றும் பிடி. கையை வீசினால் அந்த அசைவை அது உணரும், மீன் கடித்தால் அதிரும். (இதே கருவியை ‘சோல் காலிபர்’ என்ற வாள்சண்டை விளையாட்டில் செருகினாலும் வேலை செய்யும். வீசினால் வாள் சுழலும்!)

நரம்பை வீசியதும் திரை நீருக்குள் இறங்கிவிடுகிறது. நம் பொய்யிரை முன்னே நீந்த, பாசிக்கும் மூழ்கிய மரத்துக்கும் நடுவிலிருந்து பாஸ் மீன் எட்டிப் பார்க்கிறது. ஒரே சீராகச் சுற்றி இழுத்தால் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். ஒரு வெட்டு வெட்டி, சற்று நிறுத்தி, மறுபடி இழுத்தால் அடிபட்ட குஞ்சு மீன் தடுமாறுவது போலத் தெரியும். அப்போதுதான் பாயும். நிஜ பாஸ் மீனும் இப்படித்தான் மறைவில் பதுங்கியிருந்து இரை பிடிக்கிறது.

கடித்த பிறகு அவசரம் உதவாது. நரம்பின் இழுவிசையைக் காட்டும் அளவி சிவக்கும்போது சுற்றுவதை நிறுத்த வேண்டும். மீன் ஓடும் திசையைப் பார்த்துக் கோலைச் சாய்க்க வேண்டும். மீறி இழுத்தால் நரம்பு அறுந்துவிடும். கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் குறித்த எடைக்கு மீன் பிடித்தால்தான் அடுத்த கட்டம். என் மகள் ரீலைச் சுற்றுவதற்குப் பழகியதைவிட, சுற்றாமல் இருப்பதற்குத்தான் அதிகம் பழகினாள்.

விளையாட்டில் வரும் இந்த பாஸ் மீன் ஜப்பானுக்குச் சொந்தமில்லை. வட அமெரிக்காவிலிருந்து அகாபோஷி தெட்சுமா என்ற தொழிலதிபர் 1925இல் கொண்டுவந்து ஹகோனே மலையிலுள்ள அஷினோகோ ஏரியில் விட்டார். பிறகு நாடெங்கும் பரவி, உள்ளூர் சிறுமீன்களைத் தின்று தீர்த்தது. 1990களில் பாஸ் பிடிப்பது இளைஞர்களின் பெருமோகமாக இருந்தது. அந்த மோகத்தின் நடுவில்தான் இந்த விளையாட்டும் பிறந்தது. 2005இல் வந்த அந்நிய உயிரினச் சட்டம், பாஸை உயிரோடு கொண்டுபோவதையும் வேறு நீர்நிலைகளில் விடுவதையும் தடைசெய்தது. பிடிப்பதற்குத் தடையில்லை. அந்தச் சட்டம் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வெளியிலிருந்து வந்த மீன் என்றாலும், பாஸின் உலக சாதனையில் ஜப்பானுக்கும் பங்குண்டு. 2009இல் அங்குள்ள பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பிடித்த பாஸ் பத்து கிலோவைத் தாண்டியது. 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்துச் சாதனை படைத்த மீனைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே அது கூடுதல். சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது விதி. அதனால் இருவரும் இன்று சமநிலையில் நிற்கிறார்கள்.