இடம் கேட்டு வந்த பெருமாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பங்கள் பலவற்றுக்குச் செவ்வாய்க்கிழமை என்றாலே சிறுவாபுரி நினைவுக்கு வரும். ஆறு செவ்வாய்கள் தொடர்ந்து பாலசுப்பிரமணியரைத் தரிசித்தால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. வாடகை வீட்டில் காலம் தள்ளுவோர் முருகனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்? அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் வீடு அமைந்தபின் மாடி, மாடி எழுந்தபின் வாகனம் என வேண்டுதல் நீண்டுகொண்டே போவதை நம் இல்லங்களிலேயே பார்க்கிறோம்.

அதே மாவட்டத்தில், திருவள்ளூரில், பெருமாளே இடம் கேட்டு வந்தார்.

சாலிஹோத்திர முனிவர் ஓராண்டு உபவாசமிருந்து, தை அமாவாசையன்று சிறிது அரிசி மாவை இறைவனுக்குப் படைத்துவிட்டு, விருந்தினருக்காகக் காத்திருந்தார். முதியவர் ஒருவர் வந்தார். அவருக்குரிய பங்கை உண்டும் பசி தீரவில்லை என்றார். முனிவர் தம் பங்கையும் கொடுத்துவிட்டு மறுபடியும் ஓராண்டு உபவாசத்தைத் தொடங்கினார். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம்! நமக்கு ஏகாதசியன்று காபி ஒரு மணி நேரம் தாமதமானாலே முகம் மாறிவிடுகிறது.

மறு ஆண்டும் முதியவர் வந்தார், உண்டார், களைப்பாற இடம் எங்கே என்று கேட்டார். முனிவர் தம் குடிலைக் காட்டினார். அங்கே சயனத் திருக்கோலத்தில் காட்சியளித்தவர் எம்பெருமான். படுக்க 'எவ்வுள்' என்று கேட்டதால் ஊர் திருஎவ்வுள் ஆயிற்று.

நாம் சந்தோஷம் என்றால் மகிழ்ச்சி என்றே பொருள் கொள்கிறோம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் அச்சொல் ஐந்து நியமங்களுள் இரண்டாவது. அங்கே அதன் பொருள் கிடைத்ததில் நிறைவு. வெளியே தேடும் பொருளாக அல்லாமல், நாள்தோறும் பழகவேண்டிய ஒழுக்கமாக அது வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வூர்த் திருக்குளத்தின் பெயரும் ஹிருத்தாபநாசினி, அதாவது நெஞ்சின் தாபத்தைப் போக்குவது. அமாவாசைதோறும் வரும் பக்தர்கள் இதில் வெல்லம் கரைக்கிறார்கள். வெல்லம் கரைவதுபோல் நோயும் கரையட்டும் என்பது பிரார்த்தனை. மூட்டுவலியோடு படியிறங்கும் முதியோரின் தாபம் மூட்டில் மட்டுமா இருக்கிறது? வராத பிள்ளை, பேசாத மருமகள், பக்கத்து வீட்டாரின் செழிப்பு என எத்தனையோ!

அப்படிக் கரைத்துவிட்டுச் சந்நிதிக்குள் நுழைபவர்கள் வீரராகவரின் வலக்கரத்தைக் கவனித்துச் சேவிக்கவேண்டும். தம் பங்கையும் விருந்தினருக்கே கொடுத்துவிட்ட சாலிஹோத்திரரின் சிரசின்மேல் அது இருக்கிறது.