லாபம் எந்தப் பையில் பிறக்கிறது?
காரியாபட்டி குடும்பங்களுக்குத் தீப்பெட்டி தரும் பாடம்

ஒரு தீப்பெட்டி ஒரு ரூபாய்!

இந்த விலை 14 ஆண்டுகள் மாறவே இல்லை. 2007-ம் ஆண்டில் 50 பைசாவில் இருந்து ஒரு ரூபாய் ஆயிற்று. பிறகு 2021 டிசம்பர் 1-ந் தேதிதான் 2 ரூபாய் ஆயிற்று.

வாங்குகிறவர்களுக்கு அது மகிழ்ச்சி. செய்கிறவர்களுக்கோ திண்டாட்டம்!

சிவகாசித் தொழில்

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும், சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். அவர்கள் தொடங்கிய தொழில், வறண்ட பூமியில் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது. குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் கை வேலையாக நடந்தது.

2021-ல் 600 தீப்பெட்டிகள் கொண்ட ஒரு பண்டலை 270 முதல் 300 ரூபாய்க்கு விற்றார்கள். அதாவது, ஒரு பெட்டிக்கு 45 முதல் 50 பைசாதான் கிடைத்தது. ஆனால் சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயில் இருந்து 810 ரூபாய்க்கு ஏறி விட்டது. மெழுகும் அட்டையும் ஏறின.

ஒருவர் மட்டும் விலையை ஏற்றினால், கடைக்காரர் அடுத்தவரிடம் போய் விடுவார். ஆகவே சங்கங்கள் சிவகாசியில் கூடிப் பேசி, ஒன்றாக விலையை ஏற்றின.

வீட்டுக் கணக்கு

வீட்டில் இருந்தபடி தொழில் செய்யும் பெண்களுக்கும் இதே கணக்குதான்.

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியில் ஒரு பெண் துணிப்பை தைத்து விற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். சமையல் வேலை முடிந்த பிறகு தினம் 2 மணி நேரம் தைக்கிறார்.

ஒரு பைக்குத் துணி 14 ரூபாய். நூலும் கைப்பிடியும் 3 ரூபாய். தையல் கூலி 8 ரூபாய். ஆக 25 ரூபாய். அதை 40 ரூபாய்க்கு விற்கிறார். மிச்சம் 15 ரூபாய்.

இந்த 15 ரூபாயும் லாபமா? இல்லை!

பை விற்றாலும் விற்காவிட்டாலும் மாதா மாதம் வரும் செலவு உண்டு. தையல் இயந்திரத் தவணை 800, சந்தைக்கு வண்டி வாடகை 400, ரிப்பேர் 300. ஆக 1,500 ரூபாய்.

1,500-ஐ 15-ஆல் வகுத்தால் 100. முதல் 100 பைகள் செலவை அடைக்கும். 101-வது பையில்தான் லாபம் பிறக்கும்! 150 பை விற்றால், 50 பைக்கு 15 வீதம் 750 ரூபாய் லாபம்.

"அஞ்சு ரூபாய் குறைச்சுக்கோம்மா"

வியாபாரி இப்படிக் கேட்கிறார். ஐந்து ரூபாய்தானே என்று அவர் சம்மதித்தால், மிச்சம் 10 ரூபாய் ஆகி விடும். செலவை அடைக்கவே 150 பை விற்க வேண்டும்.

அதற்கு மேல் துணி விலையும் 5 ரூபாய் ஏறினால்? மிச்சம் 5 ரூபாய். 300 பை விற்க வேண்டும்!

தினம் 8 பை வீதம் 25 நாளில் அவர் தைக்கக் கூடியதே 200 பைதான். எவ்வளவு பாடுபட்டாலும் அந்த மாதம் 500 ரூபாய் நஷ்டம்.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்

இந்த நஷ்டம் வெளியே தெரியாது என்பதுதான் ஆபத்து. எல்லாச் செலவும் போக அவர் கையில் 1,100 ரூபாய் நிற்கும். "லாபம்" என்று வீட்டார் மகிழ்வார்கள். உண்மையில், 200 பைக்கு அவருக்குச் சேர வேண்டிய கூலியே 1,600 ரூபாய். அதில் 500 ரூபாயைத் தொழில் தின்று விட்டது!

வெளியாள் தைத்தால் கூலி கொடுக்காமல் இருப்போமா? வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கும் அதே கூலியை எழுத வேண்டும்.

இதற்கு ஒரு நோட்டுப் போதும். ஒரு பக்கத்தில் பைக்குப் பை ஆகும் செலவு. மறு பக்கத்தில் மாதச் செலவு. துணி விலை மாறும்போதெல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டும். வருகிற எண் தைக்கக் கூடிய அளவைத் தாண்டினால், விலையை ஏற்ற வேண்டும். அல்லது செலவைக் குறைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து மொத்தமாகத் துணி வாங்கலாம். ஒரே வண்டியில் சரக்கு அனுப்பலாம்.

அடுத்த முறை விலை குறைக்கச் சொல்லி வியாபாரி கேட்டால், பதில் சொல்லும் முன் அந்த நோட்டைப் பார்ப்பது நல்லது.