குரல் கம்மினா மூணு வாரம்தான் டைம்

வழக்கமா இங்க கோட், டேட்டாபேஸ்னு பேசுவோம். இந்த வாரம் எங்க மாமாவோட தொண்டையைப் பத்தி.

மாமா தாம்பரத்துல இருக்கார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். நான் சிறுசேரி சிப்காட்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல அவர் வீட்டுலதான் தங்கியிருந்தேன். மொட்டை மாடியில படுத்திருந்தாலும் அவர் குரல் என்னை எழுப்பிவிட்டுடும். போன வருஷம் அந்தக் குரல் கம்ம ஆரம்பிச்சது. நாலு மாசம் இருமல் மருந்து, ஆன்டிபயாடிக், சுக்குக் கஷாயம். வலி இல்லை, அதனால யாருக்கும் பயமும் இல்லை. கடைசியில ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியா ஸ்கோப் விட்டுப் பார்த்தார். குரல் நாண்ல சின்னதா ஒரு வெள்ளைத் தடிப்பு. பயாப்சி ரிசல்ட்: புற்றுநோய், முதல் நிலை.

"கரண்ட் வைக்கணுமாம்"னு சொல்லிட்டு அத்தை அழுதாங்க. நம்ம ஊர்ல ரேடியேஷனுக்கு அதுதான் பேரு. ஆனா அதுல ஷாக்கும் இல்லை, சூடும் இல்லை. அடிப்படையில எக்ஸ்ரே மாதிரிதான், சக்தி மட்டும் பல மடங்கு அதிகம். சென்னைக்கு இது புதுசும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல அடையாறுல 12 படுக்கையோட தொடங்கின புற்றுநோய் மருத்துவமனைக்கு, அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ளயே கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்துடுச்சு.

குரல் நாண்ல வர்ற புற்றுநோய்க்கு ஒரு விசேஷம் உண்டு. அங்க நிணநீர் நாளங்கள் ரொம்பக் குறைவு, அதனால நோய் கழுத்து நெறிக்கட்டிக்குச் சீக்கிரம் பரவாது. தடிப்பு கடுகளவு இருந்தாலே குரல் மாறிடும், அதாவது அலாரம் முன்னாடியே அடிச்சிடும். அதே தொண்டையில சாப்பாடு இறங்குற பக்கம் வந்தா இந்த ரெண்டு வசதியும் கிடையாது. "தொண்டைப் புற்றுநோய்"னு கூகுள் பண்ணி வர்ற நம்பரைப் பார்த்து நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காம இருந்தது, இந்த வித்தியாசம் தெரியாமத்தான். குரல் நாண்ல முதல் நிலைன்னா நூத்துல 85-லேர்ந்து 95 பேருக்கு ரேடியேஷன் மட்டுமே போதும். திரும்ப வந்தாலும் ஆபரேஷன்னு ஒரு வழி பாக்கி இருக்கு. லேசர் சர்ஜரியும் இதுக்குச் சமமான சாய்ஸ்தான். மாமாவுக்கு டாக்டர் ரேடியேஷன் சொன்னார்.

28 சிட்டிங். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், சனி ஞாயிறு லீவு. வெந்நீர்ல இளக்கின ஒரு பிளாஸ்டிக் வலையை முகத்துல வச்சு அச்சு எடுப்பாங்க. தலை அசையாம இருக்க அந்த மாஸ்க். மெஷின் ஓடுறது சில நிமிஷம்தான்.

பதினாறாவது சிட்டிங் முடிஞ்சப்போ மதுரையில ஒரு கல்யாணம் வந்தது. "நாலு நாள் விட்டுட்டு, கடைசியில சேர்த்துக்கலாமே"ன்னு மாமா கேட்டார். எனக்கும் நியாயமாத்தான் பட்டது. மொத்த டோஸ் அதேதானே? டாக்டர் ஒத்துக்கவே இல்லை.

காரணம் இதுதான். மூணு நாலு வாரம் ஆனதும், பிழைச்சிருக்கிற புற்றுநோய் செல்கள் முன்னைவிட வேகமா பெருக ஆரம்பிக்கும். நம்ம பாஷையில சொன்னா, நீங்க பக் குளோஸ் பண்றதைவிட வேகமா புது பக் வருது. ஒரு நாள் தள்ளிப்போனா, நோய் கட்டுப்படுற வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறையும்னு மதிப்பீடு. 2006-ல வெளியான ஜப்பான் ஆய்வு ஒண்ணு இருக்கு. இதே முதல் நிலை, 180 பேர். ஒரு குரூப்புக்குத் தினமும் 2 கிரே, இன்னொண்ணுக்கு 2.25 கிரே. ரெண்டாவது குரூப்புக்கு மொத்த டோஸ் கொஞ்சம் கம்மிதான், ஆனா சுமார் ஒரு வாரம் முன்னாடியே முடிஞ்சுடும். அஞ்சு வருஷம் கழிச்சு அங்க நோய் திரும்பாம இருந்தது முதல் குரூப்ல 77 சதவீதம், ரெண்டாவதுல 92. மாமாவோட 28-ம் அந்த 2.25 கணக்குதான்.

அப்புறம் என்ன, வெள்ளிக்கிழமை சிட்டிங் முடிச்சு ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ், ஞாயிறு முகூர்த்தம், அன்னைக்கே ராத்திரி திரும்ப டிரெயின், திங்கள் மறுபடி மாஸ்க். பந்தியில ரசம் சாதம்தான் இறங்குச்சு, மத்ததெல்லாம் எரியுதுன்னார். நாலாவது வாரத்துல குரல் முன்னைவிட மோசமாச்சு. இது எதிர்பார்த்ததுதான், முடிச்சு சில வாரத்துல தேறும்.

பீடி? அதை முதல் நாளே டாக்டர் பிடுங்கிட்டார். 1993-ல கனடாவுல வெளியான ஆய்வு: தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுக்கும்போது புகைக்காதவங்கள்ல 74 சதவீதம் பேருக்குக் கட்டி முழுசா மறைஞ்சது. புகைச்சுக்கிட்டே எடுத்தவங்கள்ல 45.

இன்னொண்ணு. ஓஎம்ஆர்ல தினமும் போறவங்க தரமணியில அந்த புரோட்டான் சென்டரைப் பார்த்திருப்பீங்க. "அது பெட்டரா"ன்னு ஆபீஸ்ல ரெண்டு பேர் கேட்டாங்க. இந்த நிலைக்கு சாதாரண லீனியர் ஆக்சிலரேட்டரே போதும். காசை விட நாளைத் தவறவிடாம போறதுதான் இங்க முக்கியம். உங்க வீட்டுல யாருக்காவது மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியே இருந்தா, கஷாயத்தை ஓரமா வச்சுட்டு ஸ்கோப் பார்க்கச் சொல்லுங்க.

மாமாவுக்கு இப்போ ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை செக்கப். போன ஸ்கோப் கிளியர். குரல்ல இன்னும் லேசா ஒரு கரகரப்பு இருக்கு, ஆனா நேத்து வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார்: அடுத்த ஞாயிறு வரும்போது பீர்க்கங்காய் வாங்கிட்டு வாடான்னு.