தண்டு வலிக்கும் போட்டி

அரியாலைக் கரையோரக் கடல்நீரேரி ஆழங் குறைந்தது. ஆதலின் அங்கு வள்ளத்தைக் கோலூன்றிச் செலுத்துவோர் செல்லும் திசையையே நோக்கி நிற்பர். ஆசிய விளையாட்டு விழாவிலே தண்டு வலிப்போர் நிலையோ வேறு. அவர்கள் முடிவுக் கோட்டுக்கு முதுகு காட்டி அமர்வர். பின்தங்கியவரே கண்முன் நிற்பர், முந்தியவர் தெரியார்! இருக்கை உருளைகளின்மீது நகர்வதால், கையினும் மிகுதியாகக் காலே படகை உந்துகின்றது. தூரம் 2000 மீற்றர்.

இப்போட்டி ஆசிய விழாவிற் புகுந்தது 1982இல். விழா புதுதில்லியிலாயினும் படகோட்டம் நடந்தவிடம் ஜெய்ப்பூரை அடுத்த ராம்கட் ஏரி. பாலைநிலம் மலிந்த அந்த இராசத்தானத்திற் பிறந்த பஜ்ரங் லால் தாக்கரே, 2010இல் குவாங்சோவிலே தனியாள் படகில் வென்று, இத்துறையில் இந்தியாவுக்கு முதற் பொன்பதக்கம் ஈட்டினார். ராம்கட் ஏரியோ அதற்கு முன்னரே வற்றிவிட்டது. நீர் வரும் வழிகளைத் தடுப்பணைகளும் ஆக்கிரமிப்புகளும் மறித்துக்கொண்டன.